லேணியில் ராத்தங்கல் வேண்டாம்: மும்பைத் தமிழ் மலையேற்றக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். சனிக்கிழமை ராத்திரி சயானிலோ தாதரிலோ பஸ் ஏற்றி, ஞாயிறு ராத்திரி பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற குழுக்களை நடத்துகிறவர்கள் நீங்கள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று நம் பிள்ளைகள் பல பேர் சயாத்ரியை, அதாவது மகாராஷ்டிரத்து மேற்குத் தொடர்ச்சி மலையை, முதன்முதலாகப் பார்த்ததே உங்கள் வாட்ஸாப் அறிவிப்பைப் பார்த்துத்தான். வாரம் முழுக்க லோக்கலில் நசுங்குகிறவர்களை மலைமேல் கொண்டுபோய் நிறுத்துவது சின்ன காரியம் இல்லை. நானும் உங்களோடு ஏறுகிறவள்தான். உங்களில் பாதிப் பேர் என்னை அக்கா என்று கூப்பிடுகிறீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மழை விட்டதும் உங்கள் அறிவிப்புகளில் ஒரு வரி தவறாமல் வருகிறது: பழங்காலக் குகையில் ஒரு ராத்திரி, கேம்ப்ஃபயர், சுடச்சுட மேகி, பாட்டு. கோரக்கட், ஹரிச்சந்திரகட், ராஜ்மாச்சி என்று பெயர் மட்டும் மாறுகிறது. அந்த ஒரு வரியை நீங்கள் எடுத்துவிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். கோட்டை மலைகளில் இருக்கும் குடைவரைகளில், மராத்தியில் லேணி என்பார்களே அவற்றில், படுப்பதையும் சமைப்பதையும் அடியோடு நிறுத்துங்கள். பகலில் போவோம், பார்ப்போம், இருட்டுவதற்குள் ஊருக்கு இறங்கிவிடுவோம்.

போன குளிர்காலத்தில் கோரக்கட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். முர்பாடு பக்கம் தேஹரி கிராமத்திலிருந்து காட்டு வழியாக ஏறி, பாறையில் குடைந்த வாசலைத் தாண்டி, கைக்குப் பிடி வெட்டிய படிகளில் தவழாத குறையாக ஏறினால் அந்தப் பெரிய குகை வரும். உங்களுக்குத் தெரிந்த இடம்தான். தூண்கள், முன்னால் ஈழத்தலரி மரங்கள், அதற்கு முன்னால் கால் வைக்க இடமில்லாத பள்ளம், எதிரே மச்சிந்திரகட். முதல்நாள் ராத்திரி ஏதோ ஒரு குழு தங்கிவிட்டுப் போயிருந்தது. குப்பையை ஒரு பையில் கட்டிக் கொண்டும் போயிருந்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தூணுக்கு ஒட்டி மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தார்கள். தூணில் ஆள் உயரத்துக்குப் புகை ஏறியிருந்தது. விரலால் தொட்டேன். பிசுபிசுவென்று எண்ணெய்க் கரி. துணியால் துடைத்தால் இன்னும் பரவியதே தவிர போகவில்லை.

அப்புறம் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். டாக்கே என்று இங்கே எல்லாரும் சொல்வது. வாய் சின்னது. முழங்கால் போட்டுக் குனிந்தால்தான் தண்ணீர் எட்டும். விளிம்பில் கயிறு உராய்ந்த தடம் விரல் ஆழத்துக்கு இருக்கிறது, எத்தனை தலைமுறை இழுத்த கயிறோ. உள்ளே பார்த்தால் தண்ணீர்மேல் வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம். பாத்திரம் கழுவியிருக்கிறார்கள். நூடுல்ஸ் துண்டுகள் வெள்ளையாக ஊறி மிதந்தன. கொஞ்சம் தள்ளி ஒரு ஷாம்பூ பாக்கெட், கிழித்த வாயோடு. எங்களோடு வந்திருந்த ஊர்ப் பையன் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. தன் பாட்டிலிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு மேலே ஏற ஆரம்பித்தான்.

அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் இன்றைக்குக் கெட்டால் நாளைக்கு வேறு தண்ணீர் வரும். ஆற்றில் சோப்பு போட்டால் ஓடிவிடும் என்றாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம். மலையுச்சித் தொட்டிக்கு அந்த வழி கிடையாது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பெய்ததைப் பிடித்துவைத்து, அடுத்த ஜூன் வரை அது தாக்குப்பிடிக்க வேண்டும். வடிகால் இல்லை. பெரும்பாலான தொட்டிகளில் ஊற்றும் இல்லை. நவம்பரில் ஒருவர் அதில் தலைக்குக் குளித்தால் அந்த ஷாம்பூ அடுத்த மழை வரைக்கும் அதிலேயேதான் இருக்கும். மார்ச், ஏப்ரலில் தண்ணீர் குறையக் குறைய இன்னும் கெட்டியாகும். குரங்கு, பறவை, மாடு மேய்க்க வருகிறவர், கோயில் விளக்கு ஏற்ற வருகிறவர் எல்லாரும் அதைத்தான் குடிக்கிறார்கள். வெயில் காலத்தில் கீழே கிணறு வற்றும் ஊர்கள் இவை.

வெட்டியவர்கள் எவ்வளவு யோசித்து வெட்டியிருக்கிறார்கள் என்று கொஞ்சம் நின்று பார்த்தால் யாருக்கும் அதில் கை கழுவ மனம் வராது. வெளியே வாயைக் குறுக்கி, உள்ளே பாறைக்கு அடியில் அகலமாகக் குடைந்துகொண்டு போயிருப்பார்கள். வெயில் உள்ளே படாது, ஆவியாவது குறையும், பாசியும் அதிகம் பிடிக்காது. ரொம்பப் பெரிதாகக் குடைய வேண்டியிருந்தால் மேல்பாறை இறங்காமலிருக்க நடுவில் தூண்களை விட்டிருப்பார்கள், தண்ணீருக்குள்ளேயே நிற்கும் தூண்கள். குகைக்கு மேலே பாறைச் சரிவில் விரல் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டி, மழை குகைக்குள் வடியாமல் தொட்டிப் பக்கம் திரும்பும்படி செய்திருப்பார்கள். நம் போரிவிலி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கான்ஹேரியில் இதை நன்றாகப் பார்க்கலாம். நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள், கிட்டத்தட்ட ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தொட்டி. இத்தனை பெரிய நகரத்தின் எல்லைக்குள் ஒரு பழைய தண்ணீர் ஏற்பாடு முழுசாகக் கண்ணெதிரே கிடக்கிறது. உங்கள் லீடர்களை முதலில் அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள். அங்கே கற்றுக்கொண்டால் சயாத்ரியில் எந்த லேணிக்குப் போனாலும் கண்ணில் படும்.

இந்தத் தொட்டிகளை ராஜாக்கள் மட்டும் வெட்டிவைக்கவில்லை. கான்ஹேரிக் கல்வெட்டுகளில் கல்யாண், சோபாரா ஊர்க்காரர்கள் வருகிறார்கள். நாம் தினமும் ரயிலில் தாண்டிப்போகிற அதே கல்யாண், இன்றைக்கு நாலா சோபாரா என்கிறோமே அதே சோபாரா. வணிகர்களும் கைவினைஞர்களும் கையில் இருந்த காசைப் போட்டு ஒரு அறை, ஒரு தொட்டி என்று தானம் கொடுத்துப் பெயரை வெட்டிவைத்தார்கள். ஜுன்னர் குகைகளில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இரிலன் என்ற யவனர் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளைத் தானமாகக் கொடுத்த செய்தி அது. அதே ஜுன்னரில் சிடன் என்ற இன்னொரு யவனர் ஒரு உணவுக்கூடத்தைக் கொடுத்திருக்கிறார். நம் சங்கப் பாட்டில் கப்பலில் பொன்னோடு வந்து மிளகோடு போகிறவர்களாகத்தான் நமக்கு யவனர்களைத் தெரியும். இங்கே அந்தக் கூட்டத்தில் ஒருவர் எங்கிருந்தோ வந்து, முன்பின் தெரியாதவர்கள் குடிக்க இரண்டு தொட்டி வெட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படிப்பட்ட தொட்டியில் நாம் குக்கர் கழுவுகிறோம். எனக்கு இது தாங்கவில்லை.

உங்களிடம் இதைச் சொன்னால் ஒரு பதில் வரும் என்று தெரியும், முன்பே ஒருசிலர் சொல்லியிருக்கிறார்கள். "அக்கா, இது தங்குவதற்காக வெட்டியதுதானே? பிக்குகள் தங்கினார்கள், சமைத்தார்கள். பிறகு கோட்டைக் காவல்காரர்கள் தங்கினார்கள். நாங்கள் ஒரு ராத்திரி தங்கினால் என்ன?" நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன்.

ஆமாம், தங்கத்தான் வெட்டினார்கள். கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து தக்காணத்துக்குச் சரக்கு ஏறிய கணவாய்களின் ஓரத்தில்தான் இவை வரிசையாக நிற்கின்றன. நாணேகாட், போர்காட் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பொதி மாடுகளோடு ஏறி வருகிறவருக்கு நிழல், தண்ணீர், பேச்சுத்துணை எல்லாம் கொடுத்தவை இந்த லேணிகள். மழைக்கால மாதங்களில் பிக்குகள் ஊர் ஊராகச் சுற்றாமல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது பௌத்த விதி. அதற்கும் இவை உதவின. பிறகு காலம் மாறியது. கணவாய்க்குக் காவல் வேண்டும், மேலே தண்ணீர் வேண்டும், நாலாபுறமும் கண் எட்ட வேண்டும் என்று பார்த்தவர்களுக்கும் அதே மலைகள்தான் பிடித்தன. விசாபூர்க் கோட்டையின் கீழே பாஜே லேணி. ராஜ்மாச்சிக்கு ஏறும் வழியில் கொண்டாணே லேணி. சத்ரபதி சிவாஜி பிறந்த சிவ்னேரியில் கோட்டைக்குக் கீழே பாறையைச் சுற்றிலும் பௌத்தக் குடைவரைகள். லோகட்டின் லக்ஷ்மி கோட்டி ஒரு குகைதான், பின்னாளில் அது கோட்டையின் கிடங்காக இருந்தது. பிக்கு வெட்டியதைச் சிப்பாய் பயன்படுத்தினார். இடையில் எத்தனையோ அரசுகள் மாறின.

ஆனால் அங்கே இருந்தவர்கள் அங்கேயே இருந்தவர்கள். அடுத்த மாதமும் அந்தத் தொட்டியில்தான் அவர்கள் குடிக்க வேண்டும். ஆகவே குடிக்கும் தொட்டி வேறு, கழுவும் தொட்டி வேறு என்று பிரித்திருக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. சேறு தள்ளினார்கள், வாய்க்காலை அடைப்பெடுத்தார்கள். தண்ணீர் கெட்டால் கோட்டையே விழும் என்று தெரிந்தவர்கள். நாம் ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிடுகிறோம். அடுத்த வாரம் வேறு ஐம்பது பேர் வருகிறார்கள். எவரும் அந்தத் தொட்டியைச் சேர்ந்தவர்கள் இல்லை. தங்குவது என்ற ஒரே சொல்லை வைத்து இரண்டையும் ஒன்றாக்க முடியாது, தம்பி.

இன்னொன்றும் சொல்வீர்கள்: குப்பையைத் திரும்ப எடுத்துவந்துவிடுகிறோம் என்று. எடுத்துவருகிறீர்கள், நானே பார்த்திருக்கிறேன், மனசாரப் பாராட்டுகிறேன். புகையை எந்தப் பையில் எடுத்துவருவீர்கள்? சோப்பை? ஐம்பது பேர் ராத்திரி தங்கினால் ஐம்பது பேரும் விடியற்காலையில் எங்கே ஒதுங்குகிறார்கள்? குகைக்கு மேல், படிக்குப் பக்கம், தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் அந்தச் சரிவிலேயேதான். வேறு இடம் மலையில் இல்லை. முதல் மழையில் அது அத்தனையும் வாய்க்கால் வழியாக நேரே தொட்டிக்குள் போகிறது. இதைப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பேசாமலிருப்பதால்தான் நடந்துகொண்டே இருக்கிறது.

நெருப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது எரிமலைக் குழம்பு உறைந்த பாறை, ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முந்தையது. பார்த்தால் இரும்பு மாதிரி இருக்கும். ஆனால் அடுக்கடுக்காகப் படிந்த பாறை இது. இடையில் மிருதுவான அடுக்கும் இருக்கும், அதில் தண்ணீர் கசியும். ஒரு பக்கம் மட்டும் சூடேறி, ராத்திரிக் குளிரில் சட்டென்று ஆறினால் மேல்தோல் செதிலாகப் பெயரும். பாறையை உடைக்கப் பழங்காலத்தில் நெருப்பு மூட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று சுரங்கத் தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்களே, அதையேதான் நாம் தூணடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறோம். செதில் பெயர்கிற இடத்தில் எழுத்து இருந்தால் எழுத்தும் போயிற்று. அஜந்தாவில் ஓவியங்கள்மேல் படிந்த கரியை எடுக்கத் தொல்லியல் துறையின் வேதியியல் ஆட்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கோரக்கட்டுக்கு அப்படி ஒரு ஆளும் வரப்போவதில்லை.

எழுத்து என்றதும் நாணேகாட்டைச் சொல்லாமல் போக முடியாது. கணவாயின் தலைமாட்டில் ஒரு சாதாரணக் குகை. உள்ளே சுவர்களில் சாதவாகன அரசி நாகனிகாவின் நீண்ட கல்வெட்டு, பிராமி எழுத்தில், பிராகிருதத்தில். நடத்திய வேள்விகள், கொடுத்த பசுக்கள், காசுகள் என்று கணக்கு வருகிறது. இந்தியாவில் எண்களுக்குத் தனிக்குறி எழுதிய மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. பின்சுவரில் அரச குடும்பத்தின் சிலைகள் இருந்திருக்கின்றன. இப்போது சிலை எதுவும் இல்லை, மேலே பெயர்களும் கீழே பாதங்கள் இருந்த தடமும்தான் மிச்சம். கணவாய்க்குக் காவலாக நிற்கும் ஜீவ்தன் கோட்டைக்கு ஏறும் அவசரத்தில் பல குழுக்கள் இந்தக் குகையில் ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்தச் சுவரில் இருப்பது என்னவென்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் அந்தப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் நகர மாட்டார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கொண்டாணேயிலும் இதே கதைதான். கர்ஜத் பக்கமிருந்து ராஜ்மாச்சிக்கு ஏறுகிறவர்கள் மழைக்காலத்தில் குகை முகப்பின் மேல் விழும் அருவிக்காகவே போகிறார்கள். அருவி அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சைத்தியம் என்ற பௌத்த வழிபாட்டுக் கூடத்தின் முகப்புக்கு ஒரு பக்கத்தில் சிதைந்த ஒரு தலைச் சிற்பமும் அதன் அருகே ஒரு வரி எழுத்தும் இருக்கிறது. கண்ஹனின் மாணவன் பாலகன் செய்தது என்று அந்த வரி சொல்கிறது. நம் நாட்டில் எத்தனை ஆயிரம் சிற்பங்கள் இருக்கின்றன, செய்தவர் பெயர் எத்தனையில் இருக்கிறது? இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ஒரு கல்தச்சன் தன் பெயரையும் தன் குருவின் பெயரையும் வெட்டியிருக்கிறான். பக்கத்தில் நின்று அருவியை ரீல்ஸ் எடுக்கிற பிள்ளைக்கு இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? லீடர் என்றால் கயிறு கட்டத் தெரிந்தால் மட்டும் போதுமா?

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. பாஜே, கார்லே, ஜுன்னர், சிவ்னேரி, லோகட் எல்லாம் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள், அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் சமைக்கக் கூடாது என்று 1959-ஆம் வருட விதிகளிலேயே இருக்கிறது. சேதப்படுத்தினால் 2010 திருத்தத்துக்குப் பிறகு 2 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மலையேற்றம் நடத்துகிறவர்களுக்கென்று 2021-இல் மாநில அரசு சாகசச் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்திருக்கிறது, பதிவு, பயிற்சி பெற்ற ஆள் என்று அதில் கட்டளைகள் உண்டு. ஆனால் பட்டியலில் இல்லாத மலைகளும் குகைகளும் சயாத்ரியில் ஏராளம். அங்கே காவலாளி இல்லை, பலகை இல்லை. அங்கே நீங்கள்தான் காவல்.

சரி, ராத்திரி எங்கே தங்குவது? ஊரில் தங்குங்கள். தேஹரியில், பாச்னையில், ராஜ்மாச்சியின் உதேவாடியில், எங்கே போனாலும் அடிவாரத்தில் ஒரு ஊர் இருக்கிறது. மகாதேவ் கோளி, தாக்கர் பழங்குடி மக்களின் வீடுகள். முன்கூட்டியே போன் செய்து சொன்னால் சாணம் மெழுகிய திண்ணையோ, கோயில் மண்டபமோ, பள்ளிக்கூட வராந்தாவோ கிடைக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாச்சணி பாக்ரி என்ற ரொட்டியும், கடலைமாவில் செய்கிற பிட்லேயும், தேச்சா என்ற மிளகாய்த் துவையலும். நாச்சணி நம் கேழ்வரகுதான், அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு வரும்போது எங்கள் வீட்டில் கேழ்வரகு என்றால் முகம் சுளிக்கிற பிள்ளைகளே இரண்டாவது கேட்டு வாங்குகிறார்கள். டெண்ட்டுக்கும் மேகிக்கும் கொடுக்கிற காசு அந்த அம்மாக்கள் கைக்குப் போகட்டும். வழிகாட்டியாக ஊர்ப் பையனையே கூட்டிப் போங்கள். எந்தப் பாறை இடுக்கில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும். லேணி வாசலில் புகை போட்டால் அந்தத் தேனீக்கள் என்ன செய்யும் என்றும் அவனிடமே கேளுங்கள்.

இது புதுசாக நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. நம் ஊரிலேயே நடக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியது உங்கள் எல்லாருக்கும் தெரியும், அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்துத் திட்டமாகவே தொடங்கியது. அதில் வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்த மலைக் கிராமங்களின் பழங்குடி இளைஞர்கள், பயிற்சி கொடுத்துச் சேர்க்கப்பட்டவர்கள். சயாத்ரியில் அரசாங்கம் அப்படிச் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் குழு ஒன்று ஆரம்பித்தாலே போதும், மற்றவர்கள் பார்ப்பார்கள்.

நம் ஊர் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்கிறேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியரின் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி. சிவ்னேரியும் லோகட்டும் ராய்கட்டும் இருக்கிற அதே பட்டியலில். 1677-இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் அங்கே போய் இருந்தபோது முகலாயப் படை வருடக்கணக்கில் முற்றுகையிட்டும், 1698-இல்தான் கோட்டை விழுந்தது. ராஜகிரி அடிவாரத்தில் செட்டிகுளத்தையும் சக்கரக்குளத்தையும் பார்த்திருக்கிறீர்களா? அத்தனை பெரிய கோட்டை அத்தனை காலம் நின்றதற்கு மதில் மட்டும் காரணம் இல்லை. புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் திருமயத்தை நினைத்துக்கொள்ளலாம். பாறையைக் குடைந்த சிவன், பெருமாள் கோயில்கள் முதலில், அந்தப் பாறையைச் சுற்றி 1687-இல் சேதுபதி கட்டிய கோட்டை பிறகு. சயாத்ரியில் நாம் பார்க்கிற அதே வரிசை. மதுரைப் பக்கம் மாங்குளத்தில் சமண முனிவர்களுக்கு வெட்டிய கல்படுக்கைகளுக்கு மேலே, மழை உள்ளே வடியாதபடி பாறையில் காடி வெட்டியிருக்கிறார்கள், அருகில் நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழி எழுத்து. அந்தப் படுக்கையில் ஒருவன் அடுப்பு மூட்டினால் நமக்கு ரத்தம் கொதிக்கும். இங்கே மராத்தி நண்பர்கள் பலர் சொந்தச் செலவில் கோட்டை கோட்டையாகப் போய்த் தொட்டியில் இறங்கிச் சேறு அள்ளுகிறார்கள். அவர்கள் கண்ணெதிரே நாம் கழுவிய எண்ணெய் மிதக்கிறது. நம் பிள்ளைகளை விருந்தாளியாக ஏற்றுக்கொண்ட மண் இது, மூன்று நான்கு தலைமுறையாக. அந்த மரியாதையை மலையிலும் காட்ட வேண்டும்.

ஆள் எண்ணிக்கையையும் பாருங்கள். கோரக்கட் படிகளில் ஒருவர் ஏற ஒருவர் இறங்க இடம் கிடையாது. எண்பது பேர் பேட்ச் என்றால் முதல் ஆள் உச்சி மகாதேவர் கோயிலுக்குப் போய்விட்டு இறங்கும்போது கடைசி ஆள் குகைக்கே வந்திருக்க மாட்டார். நடுவில் எல்லாரும் கைப்பிடிக் குழியில் விரல் மாட்டிக்கொண்டு காத்துநிற்பார்கள். மழைக்காலத்தில் அந்தப் படியில் பாசி. ஹரிச்சந்திரகட்டின் கேதாரேஷ்வர் குகையில் இடுப்பளவுத் தண்ணீரில் லிங்கத்தைச் சுற்றிவருவதற்கு வரிசையாக ஐம்பது பேர் இறங்கினால் அந்தத் தண்ணீர் என்ன ஆகும்? அங்கே நாலு தூணில் ஒன்றுதான் முழுசாக நிற்கிறது, அதில் சாய்ந்துகொண்டு போட்டோ எடுக்கிறார்கள். ஒரு லீடருக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். வருமானம் குறையும், தெரிகிறது. அந்தக் குறைவை ஆளுக்குக் கொஞ்சம் கட்டணம் கூட்டிச் சரிக்கட்டுங்கள். ஏன் என்று விளக்கிச் சொன்னால் கொடுப்பார்கள். முதலில் நான் கொடுக்கிறேன்.

ராத்தங்கல் போய்விட்டால் மலையேற்றத்தில் சுவாரசியம் போய்விடும் என்று பயப்படாதீர்கள். விடியுமுன் ஊரிலிருந்து கிளம்பினால் ஏழு மணிக்கெல்லாம் குகை வாசலில் இருக்கலாம். கிழக்குப் பார்த்த லேணியில் அந்த நேரத்துச் சாய்ந்த வெயில் உள்சுவர் வரைக்கும் போகும். உளித்தடம் ஒவ்வொன்றாகத் தெரியும். எந்தப் பக்கமிருந்து வெட்டினான், எங்கே கல் கெட்டியாக இருந்து விட்டுவிட்டான், எங்கே வேலை பாதியில் நின்றது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ராத்திரி ப்ளூடூத் ஸ்பீக்கர் சத்தத்தில், ஹெட்டார்ச் வெளிச்சத்தில் இதில் ஒன்றுமே தெரியாது. வௌவால்களும் நிம்மதியாக இருக்கும்.

ஆகவே உங்களிடம் கேட்பது: அக்டோபர் சீசன் அறிவிப்புகள் எழுத உட்காரும்போது, தங்கும் இடம் என்று போடுகிற வரியில் குகையின் பெயர் வர வேண்டாம், ஊரின் பெயர் வரட்டும். கொண்டுவர வேண்டியவை பட்டியலில் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் என்று எழுதுங்கள், மேலே தொட்டி இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் வெறும் பாட்டிலோடு வர வேண்டாம். தொட்டியிலிருந்து எடுப்பது அவசரத்துக்கு மட்டும், அதுவும் குடிக்க மட்டும். பாத்திரமும் கையும் காலும் அதில் படக் கூடாது. லீடர்களுக்கு லேணி பற்றிச் சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால், கான்ஹேரியில் எந்த ஞாயிற்றுக்கிழமை என்றாலும் நான் வருகிறேன். தெரிந்தவரை தமிழில் சொல்கிறேன், தெரியாததை அங்கேயே சேர்ந்து பார்ப்போம். போரிவிலி ஸ்டேஷனில் காலை ஏழரைக்கு, கிழக்குப் பக்கம் வெளியே. எத்தனை பேர் என்று மட்டும் குழுவில் முன்னாடியே போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு மலையேறும் அக்கா,
டோம்பிவிலி கிழக்கு